பழுக்காத கனியும் பந்தாட்ட அரங்கமும்

ஃபிக்ஹு நூல்களில் வணிக இயலைத் தொடங்கும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் விலக்குகளுள் ஒன்று, பழுக்கும் தறுவாய் தோன்றாத கனியை மரத்தில் இருக்கும்படியே விற்பதாகும். பேரீச்சங்குலை சிவக்கவோ மஞ்சளாகவோ தொடங்குமுன், அதனை மரத்திலேயே விட்டுவைக்கும் ஒப்பந்தத்தோடு விலைபேசலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதீனத்துத் தோப்புக்காரர்கள் பிஞ்சுப் பருவத்திலேயே குலைகளை விற்றுக் காசாக்கிவிடுவர். பின்னர் நோய் விழும், காய் கருகும், உதிரும். வாங்கியவன் வழக்கோடு வந்து நிற்பான். அவ்வழக்குகள் பெருகியதே தடைக்குப் பின்னணி என்பது ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் அறிவிப்பால் தெரியவருகிறது. நம் நாட்டிலும் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவோர் உளர். ஒரு சூறைக்காற்று அவர்களை என்ன பாடுபடுத்தும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த விலக்குக்கும் ஐரோப்பாவின் கால்பந்துக் கழகங்களுக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வியக்கலாம். நம் தெருக்களில் அஸர் தொழுகைக்குப் பின் பந்துதைக்கும் சிறுவர்கள் அணியும் சட்டைகளில் பார்ஸிலோனா என்றும் ஆர்சனல் என்றும் எழுதியிருக்கக் காண்கிறோம். அச்சட்டைக்குரிய கழகங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால், வெற்றி தோல்விகளின் கதைக்கு அடியில் மற்றொரு கதை ஓடுகிறது. அது கணக்கேட்டின் கதை. கழகமொன்று புதிய அரங்கம் கட்டுகிறது என்றால், இனிவரும் இருபது முப்பது ஆண்டுகளின் நுழைவுச்சீட்டுப் பணத்தை இன்றே விற்று, அதனைக் கல்லும் இரும்புமாக மாற்றுகிறது என்று பொருள். மரத்தில் பூ மட்டுமே இருக்கிறது, விலையோ கைமாறிவிட்டது.

ஆனால் மார்க்கச் சட்டம் இங்கே கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழுக்கத் தொடங்கியமைக்கு அடையாளம் வெளிப்பட்டுவிட்டால் தோப்பை விற்கலாம். சட்ட நூலார் இதனை ‘புதுவ்வுஸ் ஸலாஹ்’ என்பர். நிறம் மாறிய ஒரு குலை போதும், அத்தோப்பின் அவ்வினம் முழுவதற்கும் அது சான்றாகும். ஆகவே அரங்கம் கட்டிய கழகங்களிடம் நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: அடையாளம் கண்ட பின் விற்றீர்களா, காணுமுன் விற்றீர்களா?

பர்ஷலூனா

அரபு வரலாற்றாசிரியர்கள் பர்ஷலூனா என்றெழுதிய நகரம் பார்ஸிலோனா. கி.பி. 801 வரை, எண்பது ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த ஊர் அது. அங்கே 1899ஆம் ஆண்டு ஹான்ஸ் காம்பர் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் முன்னின்று தொடங்கிய கழகம், 1922இல் லெஸ் கோர்ட்ஸ் என்னும் பகுதியில் சொந்த அரங்கம் கட்டிக்கொண்டது. சிறிது சிறிதாக விரிவாக்கி, 1940களில் ஏறத்தாழ 60,000 பேர் கூடும் இடமாக அதனை ஆக்கினர்.

1950இல் லாடிஸ்லாவ் குபாலா வந்து சேர்ந்தார். ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த அகதி அவர். அவர் ஆட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்தை லெஸ் கோர்ட்ஸ் தாங்கவில்லை. குபாலாதான் புதிய அரங்கத்தைக் கட்டினார் என்று அவ்வூரார் இன்றும் சொல்வதுண்டு. முழு உண்மை அதுவன்று. அவர் வந்த ஆண்டிலேயே புதிய நிலத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. பகைக்கழகமான ரியால் மாட்ரிட் 1947இலேயே தன் உறுப்பினர்களுக்குக் கடன்பத்திரம் விற்றுப் பேரரங்கம் எழுப்பிவிட்டது என்னும் மனக்குறையும் இவர்களுக்கு இருந்தது. எவ்வாறாயினும், இடமின்றித் திரும்பிப்போன கூட்டம் கண்கூடான கூட்டம். குலை சிவந்திருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

புதிய அரங்கம் கட்டுவேன் என்று வாக்களித்துப் பிரான்செஸ்க் மீரோ சான்ஸ் 1953இல் தலைவரானார். 1954 மார்ச் 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பேராயர் வந்து ஆசி வழங்கினார். 1955இல் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தபோது குறித்த தொகை 6.66 கோடி பெசட்டா. காலம் 18 மாதம். 1957 செப்டம்பர் 24இல் அரங்கம் திறக்கப்பட்டபோது செலவு 28.8 கோடி பெசட்டாவைத் தொட்டிருந்தது. நான்கு மடங்குக்கும் மேல்! வீடு கட்டியவர்களுக்கு இக்கணக்கின் வலி புரியும். கொத்தனார் சொன்ன தொகைக்குள் வீடு முடிந்த வரலாறு எந்த ஊரிலும் இல்லை. ஆயினும் நான்கு மடங்கு என்பது குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தக்கூடிய பிழை.

இந்தக் கடனை அடைக்க அவர்கள் நம்பியிருந்தது எதனை? 90,000க்கும் மேற்பட்டோர் அமரவும் நிற்கவும் கூடிய புதிய அரங்கின் வசூலை ஓரளவு நம்பினர். அதனினும் மிகுதியாகப் பழைய அரங்கின் நிலத்தை நம்பினர். நகரம் வளர்ந்து லெஸ் கோர்ட்ஸைச் சூழ்ந்துவிட்டது. அங்கே குடியிருப்புகள் கட்டினால் நிலம் பொன்விலை போகும். ஆனால் அது விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலம். அதனைக் குடியிருப்பு நிலமாக வகைமாற்ற அரசின் ஆணை வேண்டும். அரசு என்றால் அன்று ஜெனரல் பிராங்கோ. காட்டலான் மொழியையும் கொடியையும் ஒடுக்கிவந்த அந்த ஆட்சியின் கையொப்பத்தை எதிர்பார்த்து, காட்டலான் மக்களின் கழகம் கட்டடம் எழுப்பியது. இங்கேதான் நமது கேள்வி கூர்மையடைகிறது. கூட்டம் கனிந்திருந்தது, நிலமோ பூவிலேயே இருந்தது. இரண்டையும் ஒரே கனியாக எண்ணிக் கணக்கெழுதிவிட்டனர்.

கையொப்பம் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. வட்டி மட்டும் நாள் தவறாமல் வந்தது. முதல் சில ஆண்டுகள் இது வெளியே தெரியவில்லை. ஹெலேனியோ ஹெரேரா என்னும் பயிற்சியாளரின் கீழ் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சங்கப் பட்டத்தைக் கழகம் வென்றது. 1961இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம்வரை சென்று, பெர்ன் நகரில் பென்ஃபிகாவிடம் 3-2 எனத் தோற்றது. அதே ஆண்டு லூயிஸ் சுவாரெஸை இத்தாலியின் இண்டர் கழகத்துக்கு 2.5 கோடி பெசட்டாவுக்கு விற்றனர். 1960ஆம் ஆண்டின் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு பெற்றவர் அவர். தோப்பின் கடனுக்குத் தோப்பிலேயே நன்றாகக் காய்த்த மரத்தை வெட்டி விற்பது போன்ற செயல் இது. சுவாரெஸ் இத்தாலிக்குச் சென்று 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை இண்டருக்கு வென்று தந்தார். பார்ஸிலோனாவோ 1960க்குப் பின் 1974 வரை சங்கப் பட்டத்தைக் காணவில்லை. பதினான்கு ஆண்டுகள்! இடையிடையே சில கோப்பைகள் கிடைத்தன. ஆயினும் 1957இல் தந்தையின் தோளில் அமர்ந்து திறப்பு விழாவைப் பார்த்த பிள்ளை, மீசை முளைத்த பின்னர்தான் அடுத்த நற்காலத்தைக் கண்டான்.

1965இல்தான் நிலத்தின் வகைமாற்றத்துக்குப் பிராங்கோ அரசின் இசைவு கிடைத்தது. லெஸ் கோர்ட்ஸ் 22.6 கோடி பெசட்டாவுக்கு விலைபோயிற்று. கழகம் மூச்சுவிட்டது. பின்னாளில் அதே கழகம் பிராங்கோவுக்குப் பதக்கம் அணிவித்ததையும், 2023இல்கூட மாட்ரிட்காரர்கள் அதனைச் சொல்லிக் குத்திக்காட்டியதையும் நாம் காண்கிறோம். கடன்பட்டவன் யாரிடம் தலைகுனிய நேரும் என்பது கடன் வாங்கும் அன்று தெரிவதில்லை.

அப்படியானால் அந்த அரங்கத்தைக் கட்டியது தவறா? தவறென்று நாம் சொல்லமாட்டோம். 1982 உலகக் கோப்பைக்காக மேலும் விரிவாக்கப்பட்ட காம்ப் நோ, ஐரோப்பாவிலேயே பெரிய அரங்கமாயிற்று. உறுப்பினர் தொகை 1,00,000ஐக் கடந்தது. 1973இல் கிராய்ஃபையும் பின்னர் மரடோனாவையும் வாங்கும் வலிமை அக்கழகத்துக்கு அந்தக் கூட்டத்தாலேயே வந்தது. பலன் உண்மையில் பெரும்பலன்தான். துன்பத்தை ஏற்ற தலைமுறை வேறு, பலனை உண்ட தலைமுறை வேறு என்பது மட்டும் கணக்கில் எழுதப்படாமல் போயிற்று.

விமானத்தின் பெயர் தாங்கிய அரங்கம்

இலண்டன் நகரின் வடபகுதியில் உள்ள ஆர்சனல் கழகம் 1913 முதல் ஹைபரி என்னுமிடத்தில் ஆடிவந்தது. வீடுகளுக்கு நடுவே அமைந்த அழகிய சிறு அரங்கம். 38,000 பேரே அமரலாம். 1998இலும் 1999இலும் ஐரோப்பியப் போட்டிகளை வெம்பிளி அரங்கில் நடத்திப் பார்த்தனர். 70,000க்கு மேற்பட்டோர் வந்தனர். பருவச்சீட்டுக்குப் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் ஆயிரமாயிரம். கனிந்தமைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எந்தக் கழகத்துக்கும் கிடைத்ததில்லை என்போம்.

பழைய அரங்கிலிருந்து நடக்கும் தொலைவில், நகராட்சியின் குப்பை நிலையமும் தொழிற்கூடங்களும் இருந்த ஆஷ்பர்டன் குரோவ் என்னும் இடத்தைத் தேர்ந்தனர். அங்கிருந்த தொழில்களுக்கு ஈடு கொடுத்து, குப்பை நிலையத்தையும் வேறிடத்தில் கட்டித்தர வேண்டியிருந்தது. மொத்தச் செலவு 39 கோடி பவுண்டு. வங்கிகளின் கூட்டமைப்பொன்று 2004இல் 26 கோடி பவுண்டு கடன் தந்தது. அதே ஆண்டு துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம், அரங்கத்துக்குத் தன் பெயரை இடவும் ஆட்டக்காரர் சட்டையில் தன் பெயரைப் பொறிக்கவும் 10 கோடி பவுண்டு தர ஒப்பியது. நம் ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் செல்லும் பிள்ளைகள் ஏறும் விமானத்தின் பெயர் இலண்டன் அரங்கமொன்றின் நெற்றியில் ஏறிய கதை இதுதான். 2006 கோடையில் அரங்கம் திறக்கப்பட்டது. 60,000 இருக்கைகள்.

அவ்வாண்டே வங்கிக் கடனை மாற்றி, 26 கோடி பவுண்டுக்கு நீண்டகாலக் கடன்பத்திரங்களை வெளியிட்டனர். அவற்றுக்குப் பிணை, அரங்கின் வாயிலில் வரப்போகும் வசூல். வசூல் வந்ததா என்றால், வந்தது. ஆட்டநாள் வருமானம் ஆண்டுக்கு 4.4 கோடி பவுண்டிலிருந்து ஒரே ஆண்டில் 9 கோடிக்கு மேல் உயர்ந்தது. இவ்வளவில் அவர்கள் கணக்கு பொய்க்கவில்லை.

பிறகு ஏன் 2005 முதல் 2014 வரை அக்கழகத்துக்கு ஒரு கோப்பையும் கிட்டவில்லை? பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கடன்தந்த வங்கிகள் கேட்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். சிந்திக்கத்தக்க செய்தி இது. யார் பயிற்சி தருவது என்பதில் வங்கிக்குச் சொல் இருந்தது. தவணையும் வட்டியுமாக ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு கட்ட வேண்டியிருக்க, ஒன்றிரி 2007இலும் ஃபாப்ரெகாஸ் 2011இலும் பார்ஸிலோனாவுக்கு விற்கப்பட்டனர்; வான் பெர்சி 2012இல் மான்செஸ்டருக்குச் சென்றார். சுவாரெஸின் கதை இலண்டனில் மீண்டும் நடந்தது. இம்முறை வாங்கியவர்களுள் பார்ஸிலோனாவே ஒருவர் என்பது காலத்தின் விளையாட்டு.

பழைய நிலத்தின் கதையும் மீண்டும் நடந்தது. ஹைபரியின் பழைய சுவர்களைக் காத்துக்கொண்டு அங்கே ஏறத்தாழ 700 குடியிருப்புகளைக் கழகமே கட்டியது. அதற்கெனத் தனிக்கடன். வீடுகள் முடியும் தறுவாயில் 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வந்து வீட்டுவிலை வீழ்ந்தது. பதிந்துவைத்தவர்கள் சிலர் பின்வாங்கினர். 2010இல் அக்கடன் அடைபட்டது. ஆனால் அவ்விரண்டாண்டுகள் கழகம் எவ்வளவு அச்சத்தோடு நடந்தது என்பதை அன்றைய ஆட்டக்காரர் சந்தையில் அது காட்டிய சிக்கனமே சொல்லும்.

மற்றொன்றும் நேர்ந்தது. அரங்கத்தைத் திட்டமிட்ட 1999இல் பெருங்கழகத்தின் செல்வம் என்பது வாயில் வசூல். திறந்து முடிப்பதற்குள் 2003இல் ரஷ்யச் செல்வரொருவர் செல்சியை வாங்கினார். 2008இல் அபூதாபி பணம் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தது. தொலைக்காட்சி உரிமையின் விலை ஆண்டுக்காண்டு ஏறியது. வாயில் வசூலை இருமடங்காக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பந்தயத்தின் அளவுகோலே மாறியிருந்தது. 2018இல் அமெரிக்கர் ஸ்டான் குரோங்கி கழகத்தை முழுமையாகத் தமதாக்கிக்கொண்டார். சிறு பங்குதாரர்களின் பங்குகளும் கட்டாயமாக அவர் கைக்குச் சென்றன. 2020இல் அரங்கக் கடனின் மிச்சம் அவருடைய நிறுவனத்துக்குத் தரவேண்டிய கடனாக மாறியது.

டார்லிங்டன்

அடையாளமே காணாமல் விற்றவனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கிலாந்தின் வடகிழக்கில் டார்லிங்டன் என்னும் ஊர். நான்காம் தரத்தில் ஆடிய சிறு கழகம். ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேரே வருவர். ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்னும் செல்வர் அக்கழகத்தை வாங்கி, 2003இல் 25,000 பேர் அமரும் அரங்கம் கட்டி, அதற்குத் தம் பெயரையும் இட்டார். முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 11,600 பேர் வந்தனர். கழகம் 2-0 எனத் தோற்றது. அவ்வளவு கூட்டம் அங்கு மீண்டும் திரளவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே கழகம் கடன்தீர்க்க இயலாமல் நிர்வாகியின் கைக்குச் சென்றது. 2009இலும் 2012இலும் அதே நிலை. இறுதியில் அந்த அரங்கத்தை விட்டு வெளியேறி, புதுப்பெயரில் ஒன்பதாம் தரத்திலிருந்து ஆடத் தொடங்கினர். நூற்றாண்டுக்கு மேலாக அக்கழகத்தின் வீடாயிருந்த ஃபீதம்ஸ் மைதானம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

தோப்பில் விழும் நோய்

கனிந்த பின் விற்றாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. விற்ற கனி பறிக்குமுன் நோயால் அழிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஃபிக்ஹில் ‘ஜவாயிஹ்’ என்றொரு தனிப்பகுதி உண்டு. அழிந்த அளவுக்கு விலையைத் தள்ளிக்கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி வந்துள்ளது. மாலிக்கி மத்ஹபினர் மூன்றிலொரு பங்கு அழிந்தால் தள்ளுபடி கட்டாயம் என்பர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிற்காலக் கருத்தில் அது விரும்பத்தக்கது மட்டுமே. கருத்து வேறுபட்டாலும், தோப்பில் நோய் விழுந்ததென்றால் வாங்கியவனும் விற்றவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதில் வேற்றுமையில்லை.

டாட்டன்ஹாம் கழகம் 2019 ஏப்ரலில் இலண்டனில் தன் புதிய அரங்கைத் திறந்தது. 60,000க்கு மேற்பட்ட இருக்கைகள், 63.7 கோடி பவுண்டு கடன். ஓராண்டு நிறையுமுன் கொரோனா நோய் வந்து வாயில்களை அடைத்தது. உலகிலேயே புதுமையான அரங்கம், பார்ப்பவரின்றி வெறிச்சோடிக் கிடந்தது. 2020இல் இங்கிலாந்து வங்கி அக்காலத் தேவைக்கென ஏற்படுத்திய திட்டத்திலிருந்து 17.5 கோடி பவுண்டு கூடுதலாகக் கடன் பெற்றனர். நோய் விழுந்த தோப்புக்காரனுக்குக் கிடைத்தது தள்ளுபடியன்று, மேலும் ஒரு கடன். வட்டிமுறைக்கும் கூட்டுமுறைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர்களுக்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை. முளாரபா முறையில் முதல் போட்டவன் நட்டத்திலும் பங்கேற்பான். கடன்பத்திரம் வாங்கியவனுக்கோ பந்து வலைக்குள் சென்றதா வெளியே சென்றதா என்பது ஒரு பொருட்டன்று. ஆயினும் அக்கழகத்தின் அரங்கில் அமெரிக்கக் கால்பந்தும் குத்துச்சண்டையும் இசைநிகழ்ச்சியும் நடத்த முன்கூட்டியே வழிவகுத்திருந்தனர். ஒரே மரத்தை நம்பாமல் ஊடுபயிர் வைத்த விவேகத்தை நாம் மறுக்கவில்லை.

மீண்டும் பார்ஸிலோனா

1957இல் கட்டிய அரங்கம் பழையதாயிற்று. 2021இல் பார்ஸிலோனா கழகம் தன் கடன் 135 கோடி யூரோ என்று அறிவித்தது. மெஸ்ஸியைத் தக்கவைத்துக்கொள்ள இயலாமல் கண்ணீரோடு வழியனுப்பியதும் அவ்வாண்டே. அவ்வாண்டு டிசம்பரிலேயே, அரங்கைப் புதுப்பிக்க 150 கோடி யூரோ வரை கடன்வாங்கலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டனர். வாக்களித்தவருள் பெரும்பாலோர் ஆம் என்றனர். இக்கழகம் எந்தச் செல்வருக்கும் சொந்தமானதன்று, உறுப்பினர்களே உடைமையாளர். ஆகவே தங்கள் தலையில் தாங்களே வைத்துக்கொண்ட சுமை இது.

2022இல், அடுத்த 25 ஆண்டுகளுக்கு நாட்டுச் சங்கப் போட்டிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் 25 விழுக்காட்டை அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்று அன்றாடச் செலவுக்கும் புதிய ஆட்டக்காரருக்கும் பணம் தேடினர். 2023இல் இருபது முதலீட்டாளர்களிடமிருந்து 145 கோடி யூரோ கடன் கிடைத்தது. ஒரு பகுதிக்குத் தவணை இருபது ஆண்டுக்கும் மேல். துருக்கியின் லிமாக் நிறுவனம் கட்டடப் பணியை ஏற்றது. அரங்கத்தை அடமானம் வைக்கவில்லை, அரங்கத்தில் வரப்போகும் புதிய வருமானத்திலிருந்தே அடைப்போம் என்று கழகம் விளக்கியது. 1957இன் பாடத்தை அவர்கள் ஓரளவு கற்றிருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. இம்முறை எந்த ஆட்சியாளரின் கையொப்பத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் 2025 பிறந்தபோது நிகழ்ந்தது நம்மைத் திகைக்க வைத்தது. இரண்டு ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யச் சங்கத்தின் செலவு வரம்பு இடந்தரவில்லை. உடனே, கட்டிமுடியாத அரங்கின் ஏறத்தாழ 475 உயர்தர இருக்கைகளின் உரிமையை, நீண்ட ஆண்டுகளுக்கு, வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த முதலீட்டாளர்களுக்கு 10 கோடி யூரோவுக்கு விற்று அத்தொகையை வருமானமாகக் காட்டினர். இருக்கை இல்லை; இருக்கை அமையும் தளமும் முடியவில்லை. செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் பெறும் ‘இஸ்திஸ்னா’ ஒப்பந்தத்தை ஹனஃபி சட்டத்தார் ஏற்பர். பொருளின் தன்மையும் அளவும் காலமும் குறித்து முன்விலை தரும் ‘ஸலம்’ எல்லோருக்கும் உடன்பாடு. அவ்வொப்பந்தங்களில் பெற்ற பணம் அப்பொருளை ஆக்குவதற்குப் பயன்படும். இங்கோ இருக்கை விற்ற பணம் இருக்கைக்குப் போகாமல், ஆட்டக்காரரின் பெயரை ஏட்டில் பதிவதற்குத் தேவையான கணக்காகப் போயிற்று. நாம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. ஆயினும் நம் பள்ளியில் பயிலும் மாணவனொருவன் இவ்வொப்பந்தத்தைப் பாடத்துக்குக் கொண்டுவந்தால், எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று அவன் நெடுநேரம் தயங்குவான்.

2024 நவம்பரில், கழகத்தின் 125ஆம் ஆண்டு விழாவுக்கு அரங்கம் திரும்பத் திறக்கும் என்றனர். நாள் தள்ளிப்போயிற்று, மீண்டும் தள்ளிப்போயிற்று. அதுவரை மொன்ஜுயிக் குன்றின் ஒலிம்பிக் அரங்கில், பாதிக்கும் குறைவான கூட்டத்தின் முன் ஆடினர். 2025 நவம்பர் 22இல் அத்லெட்டிக் பில்பாவோவை எதிர்த்துக் காம்ப் நோவில் ஆடியபோது 45,000 பேருக்கே இடமிருந்தது. பார்ஸிலோனா 4-0 என வென்றது. மேல்தளம் அன்று முடிந்திருக்கவில்லை, கூரையும் போடப்படவில்லை.